இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம்: ஊருக்குப் போய் ஆபரேஷனா, ரீயூனியனிலேயே வேறு வழியா?

வில்லியனூர்ப் பொண்ணு:
அக்காமார்களுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. ஊர் புதுச்சேரி பக்கம் வில்லியனூர், கல்யாணத்துக்கு அப்புறம் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் சேன்-தெனி. மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள், சின்னவனுக்கு இரண்டு மாதம். இரண்டும் சிசேரியன். மூன்றாவது இப்போதைக்கு வேண்டாம்.

அம்மா போன் செய்தால் ஒரே பேச்சுதான். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வா, கையோட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை முடிச்சு அனுப்புறேன்." எங்கள் வீட்டில் அக்கா, சித்தி எல்லோரும் இரண்டாவது பிரசவத்தோடு அதே ஆஸ்பத்திரியில் செய்துகொண்டவர்கள். இங்கே சிசேரியனுக்கு முந்தின நாள் கேட்டேன். இந்த நாட்டில் அப்படி உடனே செய்ய முடியாது, நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், பிறகு ஸ்தெரிலே, அதாவது லூப், போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

மாமியார் என்ன சொல்கிறார் என்றால், பால் கொடுக்கிற வரைக்கும் எதுவும் தங்காது, மாத்திரை எதற்கு, பால் வற்றிவிடும் என்கிறார். எனக்கோ முன்பிருந்தே மாதவிடாய் அதிகமாகப் போகும், ரத்தசோகை உண்டு. லூப் போட்டால் இன்னும் அதிகமாகும் என்று கேள்விப்பட்டேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்கலாம் என்றால் என் பிரெஞ்சு போதவில்லை, கணவர்தான் கூட வந்து மொழிபெயர்க்கிறார். அவரை வைத்துக்கொண்டு சில விஷயங்கள் கேட்க வாய் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

காரைக்கால் மருமகள்:
தங்கச்சி, அம்மா சொல்வதில் தப்பே இல்லை. நான் காரைக்காலில் செய்துகொண்டேன், அதோடு அந்தக் கவலை தீர்ந்தது. தினமும் மாத்திரை ஞாபகம் வைக்க வேண்டாம், உள்ளே எதையும் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். நம் ஊரில் பாதிக்கு மேல் பெண்கள் இப்படித்தான். இங்கே டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் யோசி யோசி என்று இழுப்பார்கள். இரண்டு பிள்ளை போதும் என்று தெரிந்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

பெல்பியேர் மல்லிகை:
எனக்குக் காப்பர் ஸ்தெரிலே. போட்டபோது ஒரு நிமிடம் சுருக்கென்று வலித்தது, அன்று மாலை அடிவயிறு இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். முதல் சில மாதம் மாதவிடாய் கூடத்தான் செய்தது, பிறகு பழகிவிட்டது. ஆனால் ரத்தசோகை இருப்பவர் காப்பர் போட வேண்டாம் என்று எனக்குப் போட்ட சாஜ்-ஃபாமே (மருத்துவச்சி) சொன்னார். ஹார்மோன் வைத்த இன்னொரு வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

மொழிக்கு என்னை வேண்டுமானால் கூப்பிடுங்கள், தனிச்செய்தி அனுப்புகிறேன். கணவர் நல்லவராகவே இருந்தாலும் இந்தப் பேச்சுக்கு அவர் வெளியே இருப்பதுதான் சரி. "நான் தனியாகப் பேச வேண்டும்" என்று நீங்களே சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தெற்கு மருத்துவச்சி:
நான் பிறந்தது புதுச்சேரி, படித்தது பிரான்சில், இப்போது தீவின் தெற்கில் சாஜ்-ஃபாமாக வேலை செய்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன், ஆகவே உங்களுக்கு எது என்ற கடைசி முடிவு உங்களைப் பரிசோதிப்பவரோடு எடுக்க வேண்டியது. ஆனால் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலில் தாய்ப்பால். மாமியார் சொல்வதில் பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருந்து, பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, உங்களுக்கு மாதவிடாய் திரும்ப வராமலும் இருந்தால் கரு தங்குவது மிக அபூர்வம், நூற்றுக்கு இரண்டு பேர் அளவு. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இரவில் ஒரு பாட்டில் பால்பொடி கொடுக்க ஆரம்பித்தீர்களா? அப்போது நம்ப முடியாது. மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும், அதனால்தான் "ஒரு தடவைகூட தலைக்குக் குளிக்கவில்லை, எப்படி மாசமானேன்" என்று வருகிறவர்களை நான் பார்க்கிறேன். சிசேரியனுக்குப் பிறகு அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவது முக்கியம், தையல் ஆற வேண்டும்.

உங்களுக்குக் கொடுத்த மாத்திரை புரோஜெஸ்டின் மட்டும் உள்ளதாக இருக்கும். அது பாலை வற்ற வைக்காது. ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்த மாத்திரையைத்தான் பிரசவமான புதிதில் தவிர்ப்போம். அந்த நேரத்தில் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகம், அது இன்னும் கூட்டிவிடும். இந்த மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். பல வகைகளில் 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மறந்ததாகவே கணக்கு. அட்டைகளுக்கு நடுவில் இடைவெளி எதுவும் இல்லை, ஒரு அட்டை முடிந்ததும் அடுத்தது.

இனி ஆபரேஷன். பிரான்சில் இதற்கு 2001 ஜூலை 4 சட்டம் இருக்கிறது. 18 வயது நிறைந்த யாரும் கேட்கலாம். கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், இத்தனை பிள்ளை இருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, கணவர் கையெழுத்தும் வேண்டாம். முதல் தடவை டாக்டரிடம் கேட்ட நாளிலிருந்து நான்கு மாதம் கழித்து, நீங்கள் எழுத்தில் உறுதி செய்தால் செய்வார்கள். செய்ய விருப்பமில்லாத டாக்டர் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லி வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். சிசேரியனோடு செய்ய ஆசைப்படுகிறவர்கள் கர்ப்பத்தின் நான்காவது, ஐந்தாவது மாதத்திலேயே கேட்டுப் பதிவு செய்துவிட்டால் பிரசவ நாளுக்குள் அந்தக் காலம் முடிந்திருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நம் பெண்கள் கடைசி நாளில் கேட்டு ஏமாந்து போகிறார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. ஆனால் அது திரும்பாத வழி. 31 வயதில் "இப்போதைக்கு வேண்டாம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த "இப்போதைக்கு" என் கண்ணில் பட்டது. ஹார்மோன் ஸ்தெரிலே, கைக்குள் வைக்கும் இம்ப்ளான்ட் இரண்டும் கருத்தரிப்பதைத் தடுப்பதில் ஆபரேஷனுக்குச் சளைத்தவை அல்ல. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

பெல்பியேர் மல்லிகை சொன்னது சரி. ரத்தப்போக்கு அதிகமுள்ளவருக்கு ஹார்மோன் ஸ்தெரிலே மருந்தாகவே வேலை செய்யும். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகக் கறை படும், எரிச்சலாக இருக்கும். பிறகு மாதவிடாய் குறையும், சிலருக்கு நின்றே போகும். நின்றுவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்று நம் வீடுகளில் பயப்படுவார்கள். தேங்க அங்கே ஒன்றும் இருக்காது. கர்ப்பப்பையின் உள்படலம் அந்த ஹார்மோனால் மெல்லியதாகவே இருக்கும், ஆகவே வெளியேற ஒன்றும் சேர்வதில்லை.

காரைக்கால் மருமகள்:
அம்மா, நீங்கள் படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் பிறகு மனம் மாறும் என்று பயந்துகொண்டே எல்லாப் பெண்களையும் நிறுத்தி வைப்பது சரியா? எனக்கு 27 வயதில் தெளிவாகத் தெரிந்தது. இன்றுவரை வருத்தம் இல்லை.

தெற்கு மருத்துவச்சி:
உங்களுக்குத் தெளிவாக இருந்தது, நீங்களே முடிவு செய்தீர்கள், அது நல்ல முடிவு. என் கேள்வி ஒன்றுதான். பிரசவ வலியிலோ, மேசையில் படுத்திருக்கும்போதோ, "செய்துவிடலாமா?" என்று கேட்டு, வெளியே நிற்கும் கணவரோ மாமியாரோ தலையாட்டினால் அது யார் எடுத்த முடிவு? நான்கு மாதம் என்று சட்டம் வைத்ததன் நோக்கம் இழுத்தடிப்பது இல்லை.

கொலோஸ் அம்மா:
என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இங்கே பிறந்தவள், கோவிலில் கற்றுக்கொண்ட தமிழ். சேன்-ஆந்த்ரேயில் வாழ்கிறேன். எனக்கு 70 வயது தாண்டியாகிவிட்டது, அதனால் இந்தப் பேச்சில் ஒன்று சொல்ல வேண்டும்.

நான்கு மாதம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்தத் தீவின் கதை தெரிய வேண்டும். 1970இல் த்ருவா-பசேனில் 17 வயதுப் பெண் ஒருத்தி கருக்கலைப்புக்குப் பிறகு ரத்தப்போக்கில் நினைவிழந்து கிடந்தாள். டாக்டர் போலீஸுக்குச் சொன்னார். விசாரணை போய் நின்ற இடம் சேன்-பெனுவாவில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கருக்கலைத்திருந்தார்கள். பலருக்கு என்ன செய்தார்கள் என்றே தெரியாது. வயிற்றுவலி என்று போனவள் குழந்தை இல்லாமல் திரும்பினாள், சிலர் இனிமேல் குழந்தையே பெற முடியாதபடி திரும்பினார்கள். மூன்று மாதக் கர்ப்பம், ஐந்து மாதக் கர்ப்பம், அதற்கு மேலும். சமூகக் காப்பீட்டுக்கு வேறு ஏதோ ஆபரேஷன் என்று எழுதிப் பணமும் வாங்கினார்கள். பெரும்பாலும் ஏழைப் பெண்கள். கரும்புத் தோட்டத்துக் காப்ர் (ஆப்பிரிக்க வம்சாவளி) வீட்டுப் பெண்கள், நம் மலபார் (தமிழ் வம்சாவளி) வீட்டுப் பெண்கள், மலைப்பக்கத்து ஏழை வெள்ளைக்காரப் பெண்கள்.

அப்போது பிரான்ஸ் முழுவதும் கருக்கலைப்பு குற்றம். பெருநாட்டில், அதாவது ஐரோப்பாவில் உள்ள பிரான்சில், பிள்ளை பெறச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். இங்கே மட்டும் ஜனம் பெருகிவிட்டது, குறைக்க வேண்டும் என்று பிரசாரம், சுவரெல்லாம் அதுதான். 1971இல் வழக்கு நடந்தது. முன்வந்து பேசிய பெண்கள் சிலர்தான். மருத்துவமனை முதலாளிக்குச் சிறை கிடைக்கவில்லை. அதே 1971 ஏப்ரலில் பாரீஸில் 343 பெண்கள் கருக்கலைப்பு உரிமை கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே வேண்டும் என்று கேட்டவளுக்குக் கிடைக்கவில்லை, இங்கே வேண்டாம் என்றவளுக்குச் செய்தார்கள்.

என் அம்மா வயதுப் பெண்கள் பலர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே பயந்தார்கள். கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனைக்கும் போகவில்லை. ஆகவே, பெண்ணே, உன் அம்மா சொல்கிறாள் என்றோ டாக்டர் சொல்கிறார் என்றோ எதையும் செய்துகொள்ளாதே. உனக்குப் புரிந்து, உன் வாயால் சரி என்று சொன்ன பிறகு செய்துகொள்.

வில்லியனூர்ப் பொண்ணு:
அம்மா, இதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இங்கே இத்தனை வருடம் இருந்தும் யாரும் சொன்னதில்லை.

லெ போர்க்காரன்:
ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்தெரிலேயும் வேண்டாம் என்கிறாள். நானே ஆபரேஷன் செய்துகொண்டால் என்ன என்று நினைக்கிறேன். ஊரில் இதைச் சொன்னால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஆண்மை போய்விடும், வேலை செய்ய முடியாது என்கிறார்.

தெற்கு மருத்துவச்சி:
தம்பி, நல்ல காரியம் கேட்டீர்கள். அதே 2001 சட்டம்தான், அதே நான்கு மாதம். மரப்புஊசி போட்டு, சின்னக் கீறல், பெரும்பாலும் அன்றே வீடு. ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலப்பதை அது தொடுவதே இல்லை, அதனால் ஆசையும் பலமும் அப்படியே இருக்கும். விந்து வெளிவரும், அதில் உயிரணு மட்டும் இருக்காது. ஆனால் உடனே பலன் கிடையாது. சுமார் மூன்று மாதம் கழித்து லாபோவில் விந்துப் பரிசோதனை செய்து, இல்லை என்று எழுதி வரும்வரை வேறு பாதுகாப்பு வேண்டும்.

பெண்ணுக்குச் செய்யும் ஆபரேஷனைவிட இது சிறியது, ஆபத்தும் குறைவு. பிரான்சில் 2010இல் இரண்டாயிரத்துக்கும் குறைவான ஆண்கள்தான் செய்துகொண்டார்கள், 2022இல் அது 30,000ஐத் தாண்டியது. நம் தமிழ்நாட்டிலோ குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணின் வயிறுதான், ஆண்கள் ஆயிரத்தில் ஒருவர்கூடத் தேறுவது கஷ்டம்.

மொஃபியா மாணவி:
எனக்கு 20 வயது, படிப்புக்காக மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன். எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கினால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? இரண்டு, பாண்டியாலே (திரௌபதி அம்மன்) தீமிதிக்கு அத்தையோடு 18 நாள் விரதம் இருக்கப் போகிறேன். அந்த நாட்களில் தூரம் வந்துவிட்டால் கோவிலுக்குள் போக முடியாது. ஊரிலிருந்து அத்தை கொண்டுவந்த, நாள் தள்ளிப்போடுகிற மாத்திரை இருக்கிறது. போடலாமா?

பெல்பியேர் மல்லிகை:
முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், என் தங்கை இதே நிலையில் இருந்தாள். 18 வயது தாண்டிவிட்டால் காப்பீட்டுக் கணக்கு உன் பெயரில், உன் கைப்பேசியில் மட்டும். 2022 ஜனவரியிலிருந்து 26 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்குக் கருத்தடைக்கான டாக்டர் கட்டணம், காப்பீட்டில் சேர்ந்த மாத்திரை, ஸ்தெரிலே, இம்ப்ளான்ட் எல்லாம் இலவசம், கையிலிருந்து ஒரு காசு கொடுக்க வேண்டாம். ஆணுறையும் 26 வயதுக்குள் ஃபார்மசியில் இலவசம், சீட்டு வேண்டாம். உன் கணக்கு நம்பகமாக இல்லை என்று தோன்றினால் பிஎம்ஐ என்ற தாய்சேய் நல மையத்தோடு சேர்ந்த பாலியல் நல மையத்துக்குப் போ. மாமா தன் முத்துவெலில், அதாவது கூடுதல் காப்பீட்டில், உன்னைச் சேர்த்திருந்தால் அந்தத் தாள் அவருக்குப் போகலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்.

தெற்கு மருத்துவச்சி:
மாணவிக்கு. அத்தை கொண்டுவந்தது அநேகமாக நோரெதிஸ்டெரோன். நம் ஊரில் கல்யாணம், கோவில், யாத்திரை எல்லாவற்றுக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம். கேட்காமல் போடாதே என்று சொல்ல இரண்டு காரணம். அந்த அளவில் போடும்போது அதில் ஒரு பங்கு உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. குடும்பத்தில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால், உனக்குக் கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால், அது ஆபத்து. இன்னொன்று, அது கருத்தடை மாத்திரை அல்ல. அதைப் போடுகிறோமே, பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

உனக்குக் கருத்தடை மாத்திரை எப்படியும் வேண்டும் என்றால், டாக்டரோ சாஜ்-ஃபாமோ உன் ரத்த அழுத்தம், குடும்ப வரலாறு பார்த்து இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எழுதித் தரலாம். விரத நாட்களில் ஏழு நாள் இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடர்ந்தால் மாதவிடாய் வராது. உடலுக்குக் கெடுதல் இல்லை. இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்தால் உடல் பழகியிருக்கும், நடுவில் கறை படுவது குறையும். 2012 கடைசியில் மூன்றாம் தலைமுறை மாத்திரைகளால் ரத்தம் உறைகிறது என்று பெரிய பிரச்சினை எழுந்தது. இப்போது முதலில் எழுதுவது லெவோனோர்ஜெஸ்ட்ரெல் உள்ள இரண்டாம் தலைமுறை. அதைத்தான் காப்பீடும் ஏற்கிறது.

தூரம் என்பதற்காகக் கோவிலுக்குப் போகக்கூடாதா என்ற கேள்வியில் நான் தலையிடவில்லை, அது உன் நம்பிக்கை.

கொலோஸ் அம்மா:
தீமிதி மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் நான் சொல்கிறேன், அம்மாவுக்காக உடம்பைக் கெடுத்துக்கொள் என்று எந்தப் பூசாரியும் சொல்லவில்லை. தள்ளி நின்று கும்பிட்டாலும் அவள் பார்ப்பாள். மாத்திரை உனக்கு ஒத்துவந்தால் போடு, இல்லையென்றால் விட்டுவிடு.

பெயர் வேண்டாம்:
மன்னிக்கவும், இழைக்கு நடுவில் கேட்கிறேன். எனக்கு நாள் தள்ளிப்போய் இன்று பரிசோதித்தேன், இருக்கிறது. வைத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. ஊரில் மெடிக்கலில் கலைக்கிற மாத்திரைப் பெட்டி கிடைக்கும், வருகிறவர்களிடம் சொல்லிவிடவா?

காரைக்கால் மருமகள்:
சொல்லிவிடாதே அம்மா. எனக்குத் தெரிந்த ஒருத்தி அப்படிச் சாப்பிட்டு நடுராத்திரி ஆம்புலன்ஸில் போனாள். மருத்துவச்சி அக்கா, இவளுக்கு உடனே பதில் சொல்லுங்கள்.

தெற்கு மருத்துவச்சி:
தங்கச்சி, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, முதலில் அதை மனதில் வை. ஊரிலிருந்து மாத்திரை வரவழைக்க வேண்டிய தேவையே இங்கே இல்லை. வந்து சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது, உள்ளே வெடித்து உயிருக்கு ஆபத்தாகும். அதை ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் (வயிற்று ஸ்கேன்) பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிரான்சில் கர்ப்பத்தின் 14 வாரம் வரை, அதாவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 16 வாரம் வரை, நீ கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். 2022 மார்ச் 2 சட்டம் 12 வாரத்தை 14 ஆக்கியது. கடைசி மாதவிடாயிலிருந்து ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரையால் வீட்டிலேயே முடிக்கலாம், அதற்கென ஒப்பந்தம் உள்ள டாக்டரோ சாஜ்-ஃபாமோ கொடுப்பார். அதற்கு மேல் போனால் மருத்துவமனை. சேன்-தெனி, சேன்-பியேர் பெரிய ஆஸ்பத்திரி, சேன்-பெனுவா, சேன்-போல் எல்லாவற்றிலும் கேட்கலாம். முன்பு ஒரு வாரம் யோசிக்கும் காலம் இருந்தது, 2016இலேயே எடுத்துவிட்டார்கள்.

செலவு முழுவதும் காப்பீடு, நீ முன்பணம் கட்ட வேண்டாம், திரும்பக் கொடுக்கும் கணக்குத் தாளில் அது என்னவென்று வராது. 18 வயதுக்குள் இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டாம், நீ நம்பும் பெரியவர் ஒருவர் கூட வந்தால் போதும். ஒரு டாக்டர் மனசாட்சி காரணமாக மறுத்தால், செய்கிறவர் பெயரை உடனே கொடுக்க வேண்டும். திட்டவோ புத்தி சொல்லவோ அவருக்கு அனுமதி இல்லை. இந்த உரிமை 2024 மார்ச் 8 அன்று அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

இன்றே 0 800 08 11 11க்குக் கூப்பிடு. இலவசம், பெயர் சொல்ல வேண்டாம், உன் பக்கத்தில் யார் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். பெருநாட்டுக்கும் நமக்கும் அங்கே குளிர்காலமாக இருக்கும்போது மூன்று மணி நேரம், அங்கே கோடையில் இரண்டு மணி நேரம் வித்தியாசம், அதைக் கணக்கில் வைத்துக்கொள். பிரெஞ்சு வரவில்லை என்றால் எனக்குத் தனிச்செய்தி போடு, நான் கூடவே லைனில் இருக்கிறேன்.

இந்த நிலைக்குக் காரணம் கணவரின் கட்டாயமோ அடியோ என்றால், 3919 என்று ஒரு எண் இருக்கிறது. அதையும் மறக்காதே.

பெல்பியேர் மல்லிகை:
பெயர் வேண்டாம் தங்கச்சி, சேன்-தெனி பக்கம் என்றால் ஆஸ்பத்திரிக்கு நான் வருகிறேன். கேள்வி எதுவும் கேட்க மாட்டேன்.

இன்னொன்று எல்லோருக்கும். உறை கிழிந்தது, மாத்திரை மறந்தது என்றால் அவசர மாத்திரை ஃபார்மசியில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். 2023 ஜனவரியிலிருந்து எந்த வயதுப் பெண்ணுக்கும் இலவசம். நிறையப் பேர் இன்னும் சின்னப் பெண்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து வெட்கப்படுகிறார்கள்.

தெற்கு மருத்துவச்சி:
ஆமாம். ஒரு வகை மூன்று நாளுக்குள், இன்னொரு வகை ஐந்து நாளுக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாளுக்குள் காப்பர் ஸ்தெரிலே போட்டால் அதுதான் எல்லாவற்றையும்விட உறுதி, அப்படியே வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

பெயர் வேண்டாம்:
கூப்பிட்டேன். இந்த வாரத்திலேயே நேரம் கொடுத்தார்கள். மல்லிகை அக்கா, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

லெ போர்க்காரன்:
நல்லது சகோதரி. தைரியமாகப் போங்கள்.

வில்லியனூர்ப் பொண்ணு:
எல்லோருக்கும் என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மல்லிகை அக்காவோடு ஒரு சாஜ்-ஃபாமைப் போய்ப் பார்த்தேன். கினெக்கொலோக் (பெண்கள் நோய் டாக்டர்) என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள், சாஜ்-ஃபாமிடம் உடனே நேரம் கிடைத்தது. கருத்தடையையும் இவர்களே பார்க்கலாம் என்று 2009இலேயே சட்டம் வந்துவிட்டதாம். பிரசவம் பார்க்கிறவர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கணவரை வெளியே உட்காரச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குழந்தையை வாங்கிக்கொண்டார். உள்ளே எல்லாம் கேட்டேன். உறவு கொள்ளும்போது தையல் இழுக்கிற வலியைக்கூடக் கேட்டேன், அதற்கும் மருந்தும் பயிற்சியும் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இரும்புச்சத்து ரொம்பக் குறைவு. ஹார்மோன் ஸ்தெரிலே என்று முடிவு செய்திருக்கிறேன். ஆபரேஷனுக்கும் பெயர் பதிந்து வைக்கலாமா என்று கேட்டேன், பதியலாம், நான்கு மாதம் கழித்து வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றார். இப்போது பதியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் கோபம். உள்ளே வைத்த பொருள் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்ல?

தெற்கு மருத்துவச்சி:
கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதை கிடையாது என்று சொல்லுங்கள். மிக அபூர்வமாக, ஆயிரத்தில் ஒருவர் அளவில், போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு. பால் கொடுக்கும் காலத்தில் அது கொஞ்சம் கூடுதல், அதை மறைக்க வேண்டாம். அதனால்தான் போட்ட பிறகு ஒரு தடவை கட்டாயம் போய்க் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் எக்கோ பார்ப்பார்கள்.

ஃப்ரொத்தி, அதாவது கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை, எடுத்தார்களா?

வில்லியனூர்ப் பொண்ணு:
எடுக்கவில்லை அக்கா. அது எதற்கு? எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே.

தெற்கு மருத்துவச்சி:
தொந்தரவு வருவதற்கு முன்பு எடுப்பதுதான் அது. பிரான்சில் 25 முதல் 65 வயது வரை எல்லாப் பெண்களுக்கும். 30 வயதுக்குக் கீழே செல் பரிசோதனை. 30க்கு மேல், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லை என்று வந்தால் அடுத்தது ஐந்து வருடம் கழித்து. இந்தத் தீவில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் பெருநாட்டைவிட அதிகம், இறப்பும் அதிகம். வருடக்கணக்கில் மெதுவாக வளர்கிற நோய், முன்கூட்டிப் பிடித்தால் சின்ன சிகிச்சையோடு முடியும். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள் பலர் வாழ்நாளில் ஒரு தடவைகூட எடுத்ததில்லை, அவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஸ்தெரிலே போட மேசையில் படுக்கும்போதே எடுத்துவிடலாம், தனியாக ஒரு நாள் வேண்டாம். நீங்களே கேளுங்கள்.

உங்கள் மூத்தவளுக்கும் ஒரு குறிப்பு. 11 வயது ஆனதும் ஹெச்பிவி தடுப்பூசி, ஆண் பிள்ளைகளுக்கும்தான். 2023 முதல் கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளியில் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு தாள் வரும், கையெழுத்துப் போடாமல் பைக்குள்ளேயே கிடந்துவிடும். பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்கால் மருமகள்:
எனக்கு 44. ஆபரேஷன் செய்தாகிவிட்டதே, ஃப்ரொத்தி தேவையா?

தெற்கு மருத்துவச்சி:
தேவை. ஆபரேஷன் குழாயை மட்டும் கட்டுகிறது, கர்ப்பப்பைவாய் அப்படியே இருக்கிறது. அதேபோல ஆபரேஷனோ ஸ்தெரிலேயோ பால்வினை நோயைத் தடுக்காது, அதற்கு உறை ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் லாபோவில் சீட்டு இல்லாமலே பரிசோதிக்கலாம். எச்ஐவிக்கு 2022 முதல், க்ளமீடியா, கொனோரியா போன்றவற்றுக்கு 2024 செப்டம்பர் முதல்.

காரைக்கால் மருமகள்:
சரி அக்கா. அப்போது நானும் நேரம் வாங்குகிறேன். தங்கச்சி, உன் சாஜ்-ஃபாம் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பு.

வில்லியனூர்ப் பொண்ணு:
அனுப்புகிறேன் அக்கா. எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. கடைசியாக ஒரு கேள்வி, போடுவதற்கு முன்னால் வலி மாத்திரை ஏதாவது போட்டுக்கொண்டு போகலாமா? பால் கொடுக்கிறேன்.

தெற்கு மருத்துவச்சி:
ஐபூப்ரோஃபென் பால் கொடுக்கும்போதும் போடலாம், வயிற்றுப்புண்ணோ ஒவ்வாமையோ இல்லையென்றால் ஒரு மணி நேரம் முன்னால் சாப்பாட்டோடு ஒன்று. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். வலிக்கிறது என்றால் நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள், அவர் நிறுத்த வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மாத்திரைக்கும் அடங்காத வலி, மணிக்கொரு நாப்கின் நனையும் அளவு ரத்தம், இதில் எது வந்தாலும் அடுத்த நேரத்துக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் நூல் இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பப் போங்கள். அதுவரை இப்போது போடுகிற மாத்திரையை நிறுத்தலாமா என்று அன்றைக்கே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெல்பியேர் மல்லிகை:
செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன். சின்னவனை நான் வைத்துக்கொள்கிறேன், உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போகட்டும்.